அத்தியாயம் 6: பொத்தானை அழுத்தியும் உயிர் வராத கணினி

நாலு மாதம் சேர்த்த காசு, ஒவ்வொரு பெட்டியாக வந்து சேர்ந்த பாகங்கள், இரண்டு நாள் உட்கார்ந்து பொருத்திய உழைப்பு. எல்லாம் முடிந்து, வீட்டில் உள்ளவர்கள் சுற்றி நிற்க, முன்பொத்தானை அழுத்துகிறீர்கள். ஃபேன் அசையவில்லை. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. இன்னொரு முறை அழுத்துகிறீர்கள், அழுத்திப் பிடிக்கிறீர்கள். அப்போதும் அப்படியே கிடக்கிறது.

அந்த நிமிடத்துக்காகத்தான் இந்த அத்தியாயம். புதிதாகப் பொருத்திய கணினி எழவில்லை என்றால், பாகம் கெட்டுப்போயிருப்பதைவிட ஏதோ ஓர் இணைப்பு சரியாகச் சேராமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். என் கைக்கு வந்த இப்படிப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை ஒரு வெள்ளி செலவில்லாமல் எழுந்தவை. அதனால் எல்லாவற்றையும் கழற்றி வாரிக்கொண்டு லோ யாட் பிளாசாவுக்கு ஓடாதீர்கள். கோல சிலாங்கூரிலிருந்து கோலாலம்பூர் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். லாத்தார் நெடுஞ்சாலை 2011இல் திறந்த பிறகு தூரம் சுருங்கியதே தவிர, டோல் காசும் எண்ணெய்க் காசும் சுருங்கவில்லை. இந்த அத்தியாயத்தில் உள்ளதைச் செய்ய ஓர் இரவு போதும்.

சுவரில் தொடங்குங்கள்

மற்ற நூல்கள் மதர்போர்டில் தொடங்கும். நான் சுவரில் தொடங்கச் சொல்கிறேன், அதற்குக் காரணம் நம் வீடுகள். பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அவ்வளவு பழைய தோட்டங்கள் நம்முடையவை. பல லயங்களுக்கு ஒரு காலத்தில் தோட்டத்து என்ஜின் ஓடும் நேரத்தில் மட்டும்தான் வெளிச்சம். பிறகு தெனாகா கம்பி வந்தபோது, கூடத்துக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு தொலைக்காட்சி என்ற கணக்கில் வயர் இழுத்தார்கள். தாமான் வீடுகளுக்கு மாறிப்போன குடும்பங்களும் பின்னால் அடுக்களையை நீட்டி, ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் காலம் தள்ளுகிறார்கள். கணினி இருக்கிற மூலைக்குக் கரண்டு வந்து சேர்வதற்குள் பல மூட்டுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. படிவம் 5 முடித்த பையன், இரவு பத்து மணிக்குப் போன் அடித்தான்.

“அண்ணே, செத்துப்போச்சு அண்ணே. பவர் சப்ளை காலின்னு நெனைக்கிறேன்.”

“எங்கேப்பா சொருகியிருக்கே?”

“எக்ஸ்டென்ஷன்ல. அதுல கரண்டு இருக்கு அண்ணே, அம்மாவோட போன் சார்ஜ் ஏறுதே. டெஸ்ட் பென் வெச்சும் பாத்துட்டேன், லைட் எரியுது.”

போய்ப் பார்த்தேன். நாலு துளை எக்ஸ்டென்ஷன். போன் சார்ஜர் முதல் துளையில், கணினி கடைசித் துளையில். சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், உள்ளே எறும்பு மண் கட்டியிருந்தது. நியூட்ரல் பித்தளைப் பட்டை மூன்றாவது துளைக்கும் நாலாவதுக்கும் இடையில் பச்சையாகப் பூத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. டெஸ்ட் பென் பொய் சொல்லவில்லை. லைவ் வந்துகொண்டுதான் இருந்தது. போன கரண்டு திரும்புவதற்கு வழியில்லை, அவ்வளவுதான். டெஸ்ட் பென் லைவ் இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். நியூட்ரலும் எர்த்தும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அவன் அம்மா கதவோரமாக நின்று, “போட்ட காசு திரும்பக் கெடைக்குமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணினியைக் கூடத்துச் சுவர் சாக்கெட்டில் நேராகச் சொருகினோம். முதல் அழுத்தலிலேயே எழுந்தது.

ஆகவே உங்கள் முதல் வேலை, எக்ஸ்டென்ஷனை ஒதுக்கிவிட்டு, வீட்டில் நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த சுவர் சாக்கெட்டில் நேராகச் சொருகிப் பார்ப்பது. அடுத்தது வயர். நம் மூன்று முனைப் பிளக்கின் உள்ளே ஒரு ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருக்கலாம். மானிட்டரோடு வந்த வயரும் கணினி வயரும் பெரும்பாலும் ஒரே வகை, மாற்றிச் சொருகிப் பாருங்கள். பிளக்கில் சிரிம் முத்திரை இல்லாத, கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் வயரைக் கணினிக்குப் போடவே வேண்டாம்.

பிறகு பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்ச். நிமிர்ந்த கோடு இருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால் இயங்கும், வட்டம் இருக்கும் பக்கம் அழுந்தியிருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பல பவர் சப்ளைகள் அணைந்த நிலையில்தான் வரும். பழைய அல்லது மிக மலிவான சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். நம் நாட்டுக் கரண்டு 230 வோல்ட். அந்தச் சுவிட்ச் 115இல் இருக்கும்போது கரண்டு கொடுத்தால் ‘டப்’பென்று ஒரு சத்தம், கருகிய வாடை, அத்தோடு அந்தப் பவர் சப்ளை முடிந்தது. சொருகுவதற்கு முன்பே பாருங்கள்.

எர்த்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணினியின் இரும்பு உடம்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கிறதா? அந்த வீட்டுச் சாக்கெட்டில் எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. பவர் சப்ளையின் உள்ளே லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் கம்பி இல்லாவிட்டால் கணினியின் உடம்பு மொத்தமும் வீட்டு வோல்ட்டேஜில் ஏறக்குறையப் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். பாயும் கரண்டு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் சுருக்கென்ற இழுப்போடு போகும். ஆனால் பவர் சப்ளைக்குள் இன்சுலேஷன் பழுதாகும் ஒரு நாளில், ஈரக் காலோடு வந்து தொடும் தங்கைக்கு அது ஆபத்தாக முடியும். சாக்கெட் டெஸ்டர் என்று மூன்று விளக்கோடு ஒரு பிளக் விற்கிறது. சொருகினால் லைவ், நியூட்ரல், எர்த் மூன்றும் சரியா என்று காட்டிவிடும். எர்த் இல்லை என்று காட்டினால் கணினி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். வீட்டு வயரிங்கில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

சொருகிச் சுவிட்சைப் போட்டதுமே வீட்டு மெயின் பெட்டியில் ஆர்சிசிபி டிரிப் ஆகிறதா? வேறு சாக்கெட்டிலும் அப்படியே ஆனால், கரண்டு எங்கோ உடம்புக்கு ஒழுகுகிறது. பவர் சப்ளையையும் வயரையும் சந்தேகப்படுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

என்ன செய்கிறது என்று பாருங்கள்

சுவர் சரியாக இருக்கிறது. இப்போது பொத்தானை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள். “வேல செய்யல” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன. சுத்தமாக எந்த அசைவும் இல்லாதது ஒன்று. ஃபேன் கால் சுற்றுச் சுற்றி உடனே நின்றுபோவது இன்னொன்று. ஃபேனெல்லாம் சுழன்றும் திரை கறுப்பாகவே இருப்பது மூன்றாவது. மூன்றாவதைக் கண்டு பவர் சப்ளையை மாற்றியவர்களை எனக்குத் தெரியும், வீண் செலவு.

எந்த அசைவும் இல்லையென்றால், மதர்போர்டில் ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா என்று அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பவர் சப்ளை, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதைப் போர்டு உணர்வது அந்த 5 வோல்ட்டால்தான். விளக்கு எரிந்தும் பொத்தானுக்கு அசையவில்லை என்றால், சந்தேகம் பொத்தானின் மேல்.

கேசின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள் மதர்போர்டின் கீழ் மூலையில் இருக்கும் ஒன்பது பின்களில் சேர வேண்டும். முதல் முறை பொருத்துபவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான். பின்கள் பொடிசு, எழுத்து அதைவிடப் பொடிசு. பவர் பொத்தானின் கனெக்டரை ரீசெட்டுக்கான பின்களில் போட்டால் கணினி எழாது. மதர்போர்டு கையேட்டில் படம் இருக்கும், டார்ச் அடித்து ஒவ்வொரு பின்னாக எண்ணுங்கள். பவர் பொத்தான் வயருக்கு முன்பின் கிடையாது, எப்படிச் சொருகினாலும் வேலை செய்யும். எல்இடி வயர்களுக்குத்தான் முன்பின் உண்டு, அவை மாறினாலும் விளக்குதான் எரியாது. பொத்தானே பழுதோ என்ற சந்தேகம் தீர, அதன் கனெக்டரை உருவிவிட்டு, பவருக்கான அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பொத்தான் செய்வதும் அதையேதான். கணினி எழுந்தால் பழுது கேசின் பொத்தானிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ரீசெட் பொத்தானின் வயரைப் பவர் பின்களில் மாற்றிப் போட்டு, புதுக் கேஸ் வரும்வரை ஓட்டலாம்.

அடுத்து இரண்டு பெரிய கனெக்டர்கள். 24 பின் கொண்டது மதர்போர்டின் ஓரத்தில். இறுக்கமானது, பயந்து பயந்து அழுத்தினால் பாதியில் நின்றுவிடும். போர்டு வளையாமல் ஒரு கையால் கீழே தாங்கிக்கொண்டு, கொக்கி ‘டக்’கென்று மாட்டும்வரை அழுத்துங்கள். இன்னொன்று பிராசசருக்கான 8 பின், மேல் மூலையில், கூலருக்குப் பின்னால் விரல் நுழையாத இடத்தில் இருக்கும். இதை மறந்தவர்கள் நிறைய. ஃபேன் ஒரு துடிப்புத் துடித்து நிற்பதற்கும், ஃபேன் ஓடித் திரை வராமல் போவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதைப் போலவே இருக்கும். பிராசசருடையது நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுடையது ஆறும் இரண்டுமாகப் பிரியும். நுழையவில்லை என்றால் அது உங்கள் வயர் இல்லை, திணிக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கழற்றி மாட்டும் வயர் கொண்ட பவர் சப்ளை வாங்கியிருந்தால், அதோடு வந்த வயரை மட்டுமே போடுங்கள். பழைய கணினியின் வயர் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், ஹார்ட் டிஸ்க்கும் அதில் உள்ள கல்யாணப் படங்களும் ஒரே நொடியில் போய்விடும்.

பவர் சப்ளையைத் தனியாகச் சோதிப்பது

பின்சுவிட்சை அணைத்து, சுவரிலிருந்து பிடுங்கி, 24 பின் கனெக்டரையும் மற்ற வயர்களையும் போர்டிலிருந்து உருவுங்கள். 24 பின்னில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும், கறுப்பு பல இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் இணைத்துவிட்டு, அதன் பிறகே சொருகிச் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுழன்றால் உயிர் இருக்கிறது. இப்போதைய பவர் சப்ளைகள் பலவற்றில் வயரெல்லாம் கறுப்பு. அப்படியென்றால் கையேட்டின் படத்தைப் பார்த்து 16ஆம் பின்னைக் கண்டுபிடியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு குத்தாதீர்கள். சிலவற்றில் சுமை ஏறும்வரை ஃபேன் சுழலவே சுழலாது, அது பழுதில்லை. கேஸ் ஃபேன் ஒன்றை அதில் மாட்டி அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். ஊதா வயர்தான் நான் முன்னே சொன்ன, எப்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட். பச்சையை இணைக்காமலே அதில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் பவர் சப்ளைதான் குற்றவாளி. இந்தச் சோதனையில் தேறிவிட்டால் பவர் சப்ளை முழுக்க நல்லது என்றும் சொல்ல முடியாது, சுமை ஏறும்போது சரியும் பவர் சப்ளைகளும் உண்டு.

எந்த நிலையிலும் பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காதீர்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். வயர்மேன் வேலை தெரிந்த பெரியவர்களே அதில் கை வைப்பதில்லை.

வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள்

இதுவரை ஒன்றும் பலிக்கவில்லையா? இனிச் செய்யப் போவதுதான் எனக்கு அதிக நம்பிக்கை உள்ள வேலை. மதர்போர்டைக் கேசிலிருந்து வெளியே எடுங்கள்.

அதன் அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். அது வந்த பளபளப்பான பையின் மேல் வைக்க வேண்டாம், அந்தப் பையின் வெளிப்பக்கத்தில் மெல்லக் கரண்டு பாயக்கூடும். பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, இவ்வளவு மட்டும் இருக்கட்டும். பிராசசரில் திரைக்கான வசதி இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டும். ஹார்ட் டிஸ்க், கேஸ் ஃபேன், முன்பக்க யுஎஸ்பி வயர் எதுவும் வேண்டாம். இரண்டு பவர் பின்களை ஸ்க்ரூடிரைவரால் தொடுங்கள்.

அட்டைமேல் எழுந்து கேசுக்குள் எழவில்லை என்றால், கேசின் இரும்பு எங்கோ போர்டின் முதுகைத் தொடுகிறது. ஸ்டாண்ட்ஆஃப் என்கிற பித்தளைக் கால்களைப் பாருங்கள். கேஸ் தயாரிப்பவர்கள் பெரிய போர்டுக்கான இடங்களில் அவற்றை முன்கூட்டியே முடுக்கி அனுப்புவார்கள். நீங்கள் வாங்கியது சிறிய போர்டாக இருந்தால், துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் நின்று போர்டின் ஈயப் பற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஃபேன் துடித்து நின்றுபோகும் பல கணினிகளின் கதை இதுதான், ஷார்ட்டை உணர்ந்து பவர் சப்ளை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. போர்டை அட்டைமேலிருந்து எடுக்கும் முன் அதன் துளைகளைப் பேனாவால் அட்டையில் குறித்துக்கொண்டு, அதன்படி கால்களை எண்ணிப் பாருங்கள். தவறி விழுந்த திருகு ஒன்று போர்டுக்கு அடியில் கிடக்கிறதா என்று கேசைக் கவிழ்த்துக் குலுக்கவும் மறக்காதீர்கள்.

அட்டைமேலும் எழவில்லை என்றால் ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்துங்கள். இரண்டு பக்கக் கொக்கியும் மூட வேண்டும், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். ஒற்றை ரேமை எந்தத் துளையில் போடுவது என்று கையேடு சொல்லும், நாலு துளை உள்ளவற்றில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது. பிறகு பிராசசரைத் தூக்கிப் பார்க்கலாம். வளைந்த பின் இருக்கிறதா என்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பது கண்ணாடி போட்டுப் பார்ப்பதைவிட நல்லது. சிஆர்2032 பொத்தான் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால், பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஃபேன் ஓடித் திரை மட்டும் வராதவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். போர்டில் சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று நாலு விளக்கு இருந்தால், எரிந்தபடி நிற்கும் விளக்குதான் நோயின் பெயர். ஐ5-12400எஃப் மாதிரி கடைசியில் எஃப் உள்ள இன்டெல் பிராசசருக்கும் ரைசன் 5 5600க்கும் தாமாகத் திரை காட்டும் வசதி கிடையாது. மானிட்டர் வயர் கிராஃபிக்ஸ் கார்டில்தான் சேர வேண்டும். டிடிஆர்5 ரேம் போட்ட கணினி முதல் முறை எழும்போது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள சில நிமிடம் கறுத்த திரையோடு நிற்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் பொறுங்கள். பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசரைப் போட்டவர்கள், பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று விற்றவரிடம் கேட்க வேண்டும்.

இடி இடித்த மறுநாள்

நேற்றுவரை ஓடியது, இன்று எழவில்லை, இடையில் ஓர் இடி. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வருவது உங்களுக்கே தெரியும். செம்பனைக்கு நடுவே நீண்டு வரும் கம்பியின் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு மின்னலின் அடி எளிதில் வந்து சேரும். பிளக்கைப் பிடுங்கியும் கணினி போனது என்றால், இன்டர்நெட் வயரைப் பிடுங்கினீர்களா என்று கேட்பேன். மோடத்திலிருந்து வரும் அந்த வயர் வழியாகவும் அடி வரும். வானம் கறுக்கும்போது இரண்டையும் பிடுங்குங்கள். தெரு முழுக்கக் கரண்டு ஏறி இறங்கினால் தெனாகாவின் 15454 எண்ணுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாமலே போகலாம்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

குற்றவாளி யாரென்று இப்போது தெரிந்துவிட்டது, அந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ரசீது, பெட்டி, உள்ளே இருந்த பை எல்லாம் கூடவே. பல கடைகள் முதல் ஒரு வாரத்துக்குள் நேராகப் புதியது மாற்றித் தரும், அதனால்தான் பாகங்கள் வந்த அன்றே பொருத்திப் பாருங்கள் என்று முந்தைய அத்தியாயத்தில் சொன்னேன். நாலு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கி அலமாரியில் வைத்தவர்களுக்கு அந்த வாரம் கடந்திருக்கும், ஆனால் உத்தரவாதம் கடந்திருக்காது. பழுதான பொருளை விற்றுவிட்டு மாற்றித் தர மறுத்தால், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டிப் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ‘கடைக்காரர் திட்டுவார்’ என்று பயந்து பொருளை அப்படியே போட்டுவைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசு உங்கள் வியர்வை, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கணினி முழுவதையும் தூக்கிப்போக வேண்டிய நிலை வந்தால், கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே பெட்டியில் வையுங்கள். தோட்டத்துச் செம்மண் சாலையின் ஒவ்வொரு குழியிலும் அந்தக் கனம் துளையை முறிக்கப் பார்க்கும். கேசை நிற்க வைக்காமல், மதர்போர்டு கீழே இருக்கும்படி படுக்கப் போட்டு, அடியில் ஒரு தலையணை வைத்து, பின்சீட்டில் பெல்ட்டைச் சுற்றுங்கள். மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள். காரின் குளிரூட்டியில் சில்லென்று இருந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சொருகாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் பனித்துளியாகப் படியும். அரை மணி நேரம் திறந்துவைத்து, கையால் தொட்டுப் பார்த்து, சில்லிப்பு போன பிறகு பிளக்கைச் சுவரில் சொருகுங்கள்.